கண்டி மலைகளும் தாந்தேயின் சுவர்க்கமும்: ஆனந்த குமாரசுவாமி பற்றிய ஒரு நோக்கு

இத்தாலியப் பெருங்கவிஞனாகிய தாந்தேக்கும் இலங்கையின் மலைநாட்டிற்கும் யாதேனும் தொடர்புண்டோ என வினவின், பெரும்பாலோர் இல்லையென்றே விடை கூறுவர். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். ஆயின் 1936ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மத்தியகாலக் கல்விக் கழகத்தினர் வெளியிடும் ‘ஸ்பெக்கியுலம்’ என்னும் ஆய்விதழில், தாந்தேயின் சுவர்க்க காண்டத்தின் இரு பகுதிகளை விளக்கும் கட்டுரையொன்று வெளிவந்தது. அதனை எழுதியவர் கொழும்பிலே பிறந்தவர். தமிழ்த் தந்தைக்கும் ஆங்கிலத் தாய்க்கும் மகன். அக்கட்டுரைக்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் இந்நாட்டின் கனிப்பொருள் ஆய்வுப் பகுதிக்குத் தலைவராயிருந்து, கையிற் சுத்தியலுடன் மலைகளிலும் ஆற்றோரங்களிலும் கற்களைத் தேடித் திரிந்தவரும் அவரே. கலாயோகி ஆனந்த குமாரசுவாமியைச் சிவ நடனத்தை உலகிற்கு விளக்கியவராகவே நம்மவர் அறிவர். அவருடைய பிற்கால வாழ்வில் தாந்தே பெற்ற இடத்தைப் பற்றித் தமிழில் அதிகம் பேசப்பட்டதாகத் தெரியவில்லை. கண்டி நாட்டில் அவர் கண்டவற்றிற்கும் பின்னர்த் தாந்தேயிடம் அவர் கண்டவற்றிற்கும் உள்ள உறவினை ஆராய்வதும், தேயிலைத் தோட்டத்திற் பிறந்த ஒருவனுக்கு அவ்வறிஞரை வாசிக்கும்போது எழும் ஓர் ஐயத்தை முன்வைப்பதுமே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அவருடைய இளமைக்கால வரலாறு பலரும் அறிந்ததே. தந்தையார் சேர் முத்துக்குமாரசுவாமி சட்ட நிரூபண சபையில் உறுப்பினராயிருந்தவர். அரிச்சந்திரன் நாடகத்தை ஆங்கிலத்திற் பெயர்த்தவர். பாளி நூல்களை ஆங்கிலத்திற் பெயர்த்தவர். தாயார் கென்ற் பகுதியைச் சேர்ந்த எலிசபெத் கிளே பீபி. 1877 ஓகத்து 22இற் பிறந்த ஆனந்தருக்கு இரண்டு வயது நிறையுமுன்னரே தந்தையார் 1879இற் காலமானார். குழந்தை தாயுடன் இங்கிலாந்தில் வளர்ந்து, இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிலே புவிச்சரிதவியலும் தாவரவியலும் பயின்று 1900இற் பட்டம் பெற்றது. ஆகவே அவர் இலங்கைக்கு மீண்டபோது கலைஞராக மீளவில்லை. கற்களை அறிந்த விஞ்ஞானியாகவே மீண்டார்.

1903 முதல் 1906 வரை அவர் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் தலைவராகப் பணிபுரிந்தார். 1904இல் சபரகமுவையின் பலாங்கொடைப் பகுதியிலிருந்து அவர் கண்டெடுத்த புதிய கனிப்பொருளே தோரியனைற்று எனப் பெயர் பெற்றது. 1906இல் இலண்டன் பல்கலைக்கழகம் அவருக்குக் கலாநிதிப் பட்டம் வழங்கியது. இத்துறையிலேயே நின்றிருப்பின் அவர் பெயர் புவிச்சரிதவியல் நூல்களில் மட்டும் நிலைத்திருக்கும். ஆயின் பாறையைத் தேடிச் சென்ற வழிகளில் அவர் வேறு பலவற்றையும் கண்டார். கண்டியைச் சூழ்ந்த சிற்றூர்களிலே தச்சர், கொல்லர், தந்த வேலை செய்வோர், பாய் பின்னுவோர், ஓவியர் முதலானோர் தம் முன்னோர் தொழிலை இன்னும் கைவிடாதிருந்தனர். அரசன் இருந்த காலத்தில் இவர்கள் சேவைக்காக நிலம் பெற்று வாழ்ந்தவர்கள். 1815இற் கண்டி இராச்சியம் வீழ்ந்தபின் ஆதரிப்பாரின்றிப் போயினர். முன்னர் கோப்பியும், 1867இல் ஜேம்ஸ் ரெயிலர் லூல்கந்துரையிலே பயிரிடத் தொடங்கியதன் பின்னர் தேயிலையும் மலைகளை மூடின. புகையிரதம் 1884இல் ஹட்டனையும் மறு ஆண்டில் நானுஓயாவையும் அடைந்தது. அப்பாதை வழியாகத் தேயிலை கீழே இறங்க, இயந்திரத்தில் நெய்த துணியும் தகரப் பொருள்களும் மேலே ஏறின. இம்மாற்றத்தின் நடுவிலேதான் இளம் ஆனந்தர் வந்து நின்றார்.

பழைய கட்டடங்களைப் பேணுமாறு கண்டிப் பிரதானிகளுக்கு அவர் 1905இற் பகிரங்கக் கடிதம் ஒன்று எழுதினார். ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்னும் பெருநூல் 1908இல் வெளிவந்தது. அந்நூலின் பெயரே நமது பொருளுக்கு முக்கியமானது. அது பெரும்பாலும் பேசுவது பதினெட்டாம் நூற்றாண்டில் எஞ்சியிருந்த கலைகளைப் பற்றி. ஐரோப்பிய வரலாற்றாசிரியர் கணக்கின்படி அது மத்தியகாலமன்று. எனினும் கண்டி நாட்டின் கைவினைஞன் வாழ்ந்த முறை ஐரோப்பாவின் மத்தியகாலக் கைவினைஞன் வாழ்ந்த முறையை ஒத்தது எனக் கண்டமையால் ஆனந்தர் அப்பெயரைத் தெரிந்தார். அவரைப் பொறுத்தவரை மத்தியகாலம் என்பது ஆண்டுக் கணக்கன்று, ஒருவகைச் சமூக ஒழுங்கு. தொழிலும் வழிபாடும் பிரியாதிருந்த ஒழுங்கு எனலாம்.

இந்நூல் அச்சிடப்பட்ட விதமும் கவனித்தற்குரியது. இங்கிலாந்தில் புரோட் கம்டன் என்னும் சிற்றூரிலே, வில்லியம் மொறிஸ் முன்பு பயன்படுத்திய அச்சியந்திரத்தில், 425 பிரதிகள் மட்டுமே கையால் அச்சிடப்பட்டன. படங்களிற் பல அவருடைய முதல் மனைவியார் எதெல் எடுத்த புகைப்படங்கள். மொறிசும் அவரைச் சேர்ந்தோரும் இயந்திர நாகரிகத்தை வெறுத்து மத்தியகாலத்தை விரும்பியவர்கள். அக்குழுவினரில் ஒருவராகிய றொசெற்றி, தாந்தேயையும் அவனுக்கு முற்பட்ட இத்தாலியக் கவிஞர்களையும் 1861இல் ஆங்கிலத்திற் பெயர்த்து வெளியிட்டவர். ஆகவே ஆனந்தர் பழகிய சூழலிலே தாந்தேயின் பெயர் காற்றோடு கலந்திருந்தது என்பதில் ஐயமில்லை. எனினும் அவர் தாந்தேயை நுணுகிக் கற்ற காலம் அதுவன்று. அதற்கு அவர் கடல் கடக்க வேண்டியிருந்தது.

முதலாம் உலக யுத்தத்தின்போது பிரித்தானியப் படையிற் சேர மறுத்த அவர், 1917இல் பொஸ்ரன் நுண்கலை நூதனசாலையின் இந்தியப் பகுதிக்குப் பொறுப்பாளரானார். மறு ஆண்டில் ‘சிவ நடனம்’ என்னும் கட்டுரைத் தொகுதி வெளிவந்தது. முப்பது ஆண்டுகள் அவர் பணிசெய்த அந்நகர் தாந்தே பயில்வோருக்குப் புகலிடம் போன்றது. கவிஞர் லோங்பெலோ ஆங்கிலத்திற் பெயர்த்த தாந்தேயின் முழுக் காப்பியமும் 1867இல் வெளியிடப்பட்டது அங்கேதான். ஆற்றின் மறுகரையிலுள்ள கேம்பிரிட்ஜில் தாந்தே கழகம் ஒன்று 1881இல் நிறுவப்பட்டதுமுண்டு. 1930 அளவில் ஆனந்தரின் எழுத்து திசை திரும்பியது. சிற்பங்களின் காலத்தையும் பாணியையும் வரையறுக்கும் வரலாற்றாசிரியர், அச்சிற்பங்களை ஆக்கியோர் எதனை நம்பினர் என்பதைத் தேடும் தத்துவ ஆசிரியரானார். வேதம், உபநிடதம், பிளேற்றோ, ஜேர்மானிய ஞானியான எக்கார்ட், இவர்களோடு தாந்தே: இவையே அதன்பின் அவர் மேசையை விட்டகலாத நூல்கள். தாந்தேயை மூல இத்தாலிய மொழியிலேயே மேற்கோள் காட்டுவது அவர் வழக்கம்.

தாந்தே 1265இல் புளோரன்சு நகரிற் பிறந்தவன். அரசியற் பகையால் 1302இல் நாடுகடத்தப்பட்டு, மீண்டும் தன் ஊர் மண்ணை மிதியாமலே 1321இல் இரவென்னாவில் இறந்தவன். நரகம், கழுவாய் மலை, சுவர்க்கம் என்னும் மூன்று பகுதிகளையும் நூறு படலங்களையும் உடைய அவன் காப்பியத்தை மேனாட்டார் பலர் கவிச்சுவைக்காகவே படித்தனர். சமயக் கருத்துகளை நீக்கிவிட்டுக் கவிதையை மட்டும் சுவைக்கலாம் என்பாரும் இருந்தனர். இதனை ஆனந்தர் கடுமையாக எதிர்த்தார். மருந்தை உமிழ்ந்துவிட்டுத் தேனை மட்டும் நக்குவது போன்றது அது என்பது என் உவமை. அவர் இதனினும் கடுஞ்சொல் வழங்கியிருப்பார். தாந்தே தன் புரவலனுக்கு எழுதியதாக வழங்கும் கடிதத்திலே, இவ்வாழ்வில் துன்ப நிலையிலுள்ளோரை அதனின்றும் நீக்கி இன்ப நிலைக்கு இட்டுச் செல்வதே நூலின் பயன் என்னும் கருத்துண்டு. அக்கடிதம் முழுவதும் தாந்தேயினதுதானா என்பதில் ஆய்வாளர் ஒருமனப்படவில்லை. ஆனந்தரோ அதனைத் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டுவார். வீடுபேற்றை நூற்பயனாகக் கூறும் மரபிலே வந்த நமக்கு இதில் வியப்பில்லை. நூதனசாலையில் கண்ணாடிப் பேழைக்குள் தெய்வ உருவங்களை வைத்துக் காப்பவரே, அவை பார்த்து மகிழ ஆக்கப்பட்டவை அல்ல, பயன்படுத்த ஆக்கப்பட்டவை என எழுதினார் என்பதுதான் வியப்பு.

‘ஸ்பெக்கியுலம்’ கட்டுரைக்கு வருவோம். சுவர்க்க காண்டத்தின் இருபத்தேழாம் படலத்தில், வெண்ணிறத் தோல் கருநிறமாவதையும் சூரியனின் மகளையும் சேர்த்துக் கூறும் இடமொன்றுண்டு. உரையாசிரியர்களை நெடுங்காலம் இடர்ப்படுத்திய இடம் அது. ஆனந்தர் இதனை இருக்கு வேதத்தில் வரும் சூரிய புத்திரி பற்றிய கருத்துகளின் துணைகொண்டு விளக்க முற்படுகிறார். உடனே, ‘தாந்தே வேதம் படித்தானா?’ என்னும் வினா எழும். சிலகாலம் முன்பு, 1919இல், ஆசின் பலாசியோஸ் என்னும் ஸ்பானிய அறிஞர் தாந்தேயின் மறுவுலகக் காட்சிகளுக்கு இஸ்லாமிய மரபே மூலம் எனக் கூறிப் பெரும் விவாதத்தைக் கிளப்பியிருந்தார். ஆனந்தர் அவ்வழியிற் செல்லவில்லை. கடன் கொடுத்தார், கொண்டார் கணக்கு அவருக்கு வேண்டியதன்று. ஒரே மெய்ம்மையை அறிந்தோர் வெவ்வேறு நாடுகளில் ஒரே குறியீட்டு மொழியைப் பேசினர். ஆகவே ஒன்றை மற்றொன்றால் விளக்கலாம் என்பதே அவர் துணிபு. 1925இல் தாந்தே பற்றி நூலெழுதிய பிரெஞ்சு அறிஞர் ரெனே கெனோனின் செல்வாக்கு இதிற் காணப்படும்.

இம்முறையில் ஒரு குறை உண்டென்பதை மறைத்தல் தகாது. எல்லா மரபும் ஒன்றையே கூறும் எனத் தொடங்குபவர், ஒவ்வொன்றும் வேறுபடும் இடத்தை எளிதிற் கடந்துவிடுவார். தாந்தேயின் காப்பியத்தில் புளோரன்சு நகரின் அரசியற் சண்டைகளும், கவிஞனின் பகைவர் பெயர்களும் நிறைந்துள்ளன. ஆனந்தரின் தாந்தேயிடம் அவற்றைக் காண்பதரிது. வரலாற்று மாணவனுக்கு இது நெருடலாகவே இருக்கும்.

எனினும் அம்முறை நமக்குத் திறந்துவிடும் வாயில்கள் பல. இரண்டை மட்டும் கூறுவேன். ‘விருந்து’ எனப் பொருள்படும் தன் நூலிலே, ஒரு செய்யுளுக்கு நேர்ப்பொருள், உருவகப் பொருள், ஒழுக்கப் பொருள், வீட்டுலகப் பொருள் என நான்கு பொருள் உண்டென்பான் தாந்தே. இது செயற்கை என நினைக்கும் மேனாட்டு மாணவனைவிடத் தமிழ் மாணவன் இதனை எளிதில் விளங்கிக்கொள்வான். நானூறு செய்யுள்களையுடைய திருக்கோவையார் தலைவன் தலைவியின் காதலைப் பாடும் அகநூலாகவும், ஆன்மா சிவத்தை அடையும் நெறியைக் கூறும் நூலாகவும் ஒருங்கே படிக்கப்பட்டு வந்ததன்றோ! பேரின்பப் பொருள் கண்டோர் சிற்றின்பப் பொருளைப் பொய்யென்று தள்ளவில்லை. பெயாத்திரீசை உண்மைப் பெண்ணாகவும் ஞானமாகவும் ஒருங்கே கொள்ளுதல் நமக்குக் கடினமன்று. இத்தாலியில் 1680இற் பிறந்த வீரமாமுனிவர் 1726இல் தேம்பாவணியை நம் காப்பிய மரபிலே பாட முடிந்ததற்கும் இவ்வகை உறவு ஓரளவு துணைசெய்திருக்கும் என எண்ணத் தோன்றுகிறது.

மற்றையது ஓவியன் பற்றியது. ஓர் உருவத்தை வரைபவன் முதலில் தானே அவ்வுருவாக ஆகாவிடின் அதனை வரைய இயலாது என்னும் கருத்தைத் தாந்தே அதே நூலில் வெளியிடுகின்றான். ஆனந்தர் மிகுதியாக எடுத்தாண்ட தாந்தே கருத்துகளில் இதுவும் ஒன்று. 1934இல் வெளிவந்த கலைத் தத்துவ நூலிலே, தியானத்தில் தெய்வத்தோடு ஒன்றியபின்னரே சிற்பி உளியெடுக்க வேண்டும் என்னும் இந்தியச் சிற்ப நூல்களின் விதியோடு இவ்வகைக் கருத்தை ஒப்பிட்டார். ஆனால் சிற்ப நூலைப் படிக்குமுன்னரே இதனை அவர் கண்ணாற் கண்டிருந்தார் என்பது என் கருத்து. கண்டி நாட்டில் புத்தர் உருவத்திற்குக் கண் எழுதும் நேத்திர மங்கலச் சடங்கை அவர் தம் 1908ஆம் ஆண்டு நூலில் விரிவாக எழுதியுள்ளார். மற்றெல்லா உறுப்பும் முடிந்தபின், உரிய நேரத்தில், உரிய கிரியைகளுடன், கைவினைஞன் கண்களை எழுதுவான். அதுவரை கல்லும் சாந்துமாயிருந்தது அதன்பின் வழிபடத்தக்கதாகும். கூலிக்கு வண்ணம் பூசுபவனாக அவனை எவரும் கருதுவதில்லை. பொஸ்ரனில் தாந்தேயின் அடிகளை வாசித்தபோது ஆனந்தரின் நெஞ்சில் இக்காட்சி எழாமல் இருந்திருக்குமா?

இனி, முன்னர்க் குறித்த ஐயம். ஆனந்தர் மலைகளிற் திரிந்த ஆண்டுகளில் அம்மலைகளிற் பல்லாயிரம் தமிழர் வாழ்ந்தனர். அவர் கண்டிக் கைவினைஞனின் பெயரையும் கருவியையும் பாயையும் பெட்டியையும் குறித்து வைத்தார். லயத்திலிருந்து விடியுமுன் பெரட்டுக்குப் போனவர்கள் அவருக்கு ஆய்வுப் பொருளாகவில்லை. சிங்களக் கலை பற்றிய நூலில் அவர்களைத் தேடுதல் நியாயமன்று என்பர், அது சரியே. ஆயினும் அவர் வெறுத்த இயந்திர நாகரிகத்தின் பாரத்தைச் சுமந்த தோள்கள் அவர் கண்ணெதிரே இருந்தன. அவருடைய அத்தை மகனாகிய சேர் பொன்னம்பலம் அருணாசலம் அத்தோள்களைக் கண்டார். தொழிலாளர் நலனுக்காகச் சங்கம் அமைத்தார். கடனைக் காட்டித் தொழிலாளியைத் தோட்டத்தோடு பிணைத்த துண்டு முறைக்கு எதிராகப் போராடினார். 1921இல் அம்முறை சட்டத்தால் ஒழிந்தது. ஒரே குடும்பத்தில் ஒருவர் அழியும் கைவினையைக் கண்டார், மற்றவர் வருந்தும் மனிதரைக் கண்டார் என்று கூறிவிடலாம். ஆனால் அவ்வளவு எளிதாக முடித்துவிட என் மனம் ஒப்பவில்லை.

ஏனெனில் 1944இல் ஆனந்தர் எழுத்தறிவு பற்றி ஒரு கட்டுரை எழுதினார். எழுத்தறியாதோர் பண்பாடற்றோர் என்னும் எண்ணத்தை அது மறுக்கிறது. வாய்மொழியாக இராமாயணத்தையும் பாடல்களையும் அறிந்த கிராமத்தவன், செய்தித்தாள் மட்டும் படிக்கும் நகரத்தவனைவிட உயர்ந்த பண்பாடுடையவன் என்பது அதன் சாரம். இதனை முதன்முறை வாசித்தபோது எனக்குச் சினம் வந்தது. என் பாட்டி சம்பள நாளிற் கைநாட்டு வைத்தவர். தம் பெயருக்கு நேரே என்ன எழுதியிருக்கிறதென்று அறியாமலே வைத்தவர். எழுத்து எங்களுக்கு அழகுப் பொருளன்று. கணக்கைச் சரிபார்க்கும் கருவி, குடியுரிமை விண்ணப்பத்தை நிரப்பும் கருவி. பொஸ்ரனில் பன்னிரு மொழி நூல்கள் சூழ அமர்ந்து எழுத்தறியாமையின் மேன்மையை எழுதுதல் எளிது என்று அப்போது என் குறிப்பேட்டில் எழுதிவைத்தேன்.

அக்குறிப்பை நான் அழிக்கவில்லை. ஆயினும் அதே பாட்டி, மாசி மாதத்தில் எங்கள் தோட்டத்திற் காமன் கம்பம் ஊன்றிய நாள் முதல், கூத்துப் பாட்டுகளை அடி பிசகாது கூறுவார். காமனாக வேடம் பூணுபவர் முன்னரே காப்புக் கட்டி விரதமிருப்பார். மற்ற நாட்களிற் கவ்வாத்து வெட்டுபவர்தான் அவர். காப்புக் கட்டியபின் அவரைப் பெயர் சொல்லி அழைப்பாரில்லை. தப்பு முழங்க, சிவன் நெற்றிக்கண் திறந்து காமன் எரிகையில், லயத்துப் பெண்கள் இரதியோடு சேர்ந்து மெய்யாகவே அழுவர். ஓர் உருவத்தைக் காட்டுபவன் அவ்வுருவாக ஆகவேண்டும் என்னும் தாந்தேயின் கருத்துக்கு இதைவிட நல்ல உரை எங்குள்ளது? தாந்தேயின் ‘புதுவாழ்வு’ நூலிலும் காதல் ஓர் ஆண்டவனாக உருவெடுத்து வந்து கவிஞனோடு பேசும். அந்தக் காதலாண்டவனையும் எங்கள் தோட்டத்துக் காமனையும் ஒப்பிட்டு ஆனந்தர் ஒரு கட்டுரை எழுதியிருக்கலாமே என எண்ணுகிறேன். அதற்கு வேண்டிய கல்வியெல்லாம் அவரிடமிருந்தது.

தாந்தேயே எழுத்துடையோர் மொழியாகிய இலத்தீனை விடுத்து, தாய்மொழியிற் பெருங்காப்பியம் பாடியவன். இலக்கணமின்றிச் செவிலித் தாயரிடம் கேட்டுக் குழந்தை கற்கும் பேச்சே மேலானது என்பதற்காகத் தனி நூலொன்று தொடங்கியவன். தோட்டத்துப் பேச்சும் அவ்வாறு வந்ததே. ஆனந்தர் எழுதாது விட்டதை எழுத வேண்டியவர் தோட்டத்திலிருந்தே வரவேண்டியிருந்தது. வந்தவர் ஸீ. வி. வேலுப்பிள்ளை. மடக்கும்பரையில் 1914இற் பிறந்த அவர், கவிஞராகவும் தொழிற்சங்கத்தவராகவும் வாழ்ந்து, தோட்டங்களில் வழங்கிய வாய்மொழிப் பாடல்களைத் திரட்டினார்.

இவ்விருவர் வாழ்வும் ஒரு கோடையில் அருகருகே வருகின்றன. 1947 ஓகத்து 22இல் ஆனந்தருக்கு எழுபது வயது நிறைந்தது. பொஸ்ரனில் நண்பர்கள் எடுத்த விருந்தில், இந்தியாவுக்கு மீண்டு ஒதுங்கி வாழும் தம் விருப்பத்தை அவர் வெளியிட்டார். மறுநாள் இலங்கையின் முதலாவது பாராளுமன்றத் தேர்தல் வாக்களிப்புத் தொடங்கிச் செப்ரெம்பர் 20 வரை பல நாள்களாக நடைபெற்றது. அத்தேர்தலிலே தலவாக்கலைத் தொகுதி வேலுப்பிள்ளையைத் தெரிந்தனுப்பியது. அது முடியுமுன்னரே, செப்ரெம்பர் 9இல், நீடம் என்னும் ஊரிலுள்ள தம் இல்லத்தில் ஆனந்தர் மறைந்தார். மறு ஆண்டு பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. வேலுப்பிள்ளைக்கு வாக்களித்த மக்களிற் பெரும்பாலார் நாடற்றோராயினர். அவர் திரட்டிய ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ 1983இல் நூலாக வெளிவந்தது. அதற்கடுத்த ஆண்டு அவரும் காலமானார். எங்கள் தோட்டத்திற் பாட்டி பாடிய காமன் பாட்டுகளுள் சிலவற்றை அந்நூலில் தேடினேன், எல்லாம் அங்கில்லை. இல்லாதவற்றை இவ்விடுமுறையில் எழுதத் தொடங்கியுள்ளேன்.